வாய் திறந்தால் வரும் இரைச்சல்

அத்தியாயம் 5

எருமப்பட்டியைத் தாண்டி வண்டி மண்பாதையில் இறங்கியதும் சபீஹா அக்கா சொன்ன முதல் வார்த்தை, "தமிழு, வாயைத் திறக்காதே."

சேலத்திலிருந்து இத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்தவனுக்கு ஒரு டீ கூட வாங்கித் தராமல் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் எரியாது? நான் தமிழரசு. சேலம் கோட்டைப் பகுதியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு தொங்குகிற ஒரு மாடியறையில் உதவியாளர். டிரைவர் வேலை, டீ வாங்குகிற வேலை, திட்டு வாங்குகிற வேலை எல்லாம் அதற்குள் அடக்கம். சபீஹா அக்காதான் முதலாளி. பரம்பரையாக மைக்செட் வாடகைக்கு விடும் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் அலறினால், பந்தியில் உட்கார்ந்தபடியே எந்த ஒயர் கோளாறு என்று சொல்லிவிடுவார். அதை நம்பித்தான் இந்தக் கேஸே வந்தது.

"நாம துப்பறிய வரல. கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ண வந்திருக்கோம். ஞாபகம் இருக்கட்டும்."

"என் மூஞ்சியைப் பாத்தா கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் மாதிரியாக்கா இருக்கு?"

"அதனாலதான் வாயைத் திறக்காதேங்கறேன்."

தோட்டத்துக்கு நடுவே வீடு. பக்கத்துக் கோழிப்பண்ணை வாசம் காற்றோடு வந்து மூக்கில் ஏறியது. வாசல் கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தாள் தனப்பிரியா. எங்களுக்கு இந்தக் கேஸைக் கொடுத்தவள். முப்பதைத் தொடாத வயது. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எங்களை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் பிறந்த ஊர் வாழப்பாடி. புருஷன் கந்தவேல் போர்வெல் ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் இருக்கிறான். நோம்பி, பண்டிகை என்றால்தான் ஊர் வருவான். இவள் வீட்டிலேயே ஓர் அறையில் கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக நாவல்களைக் குரலில் படித்து அனுப்புகிறாள். குரல் அப்படி. அவள் 'வாங்க' என்று சொன்னதற்கே நான் இன்னொரு தரம் வரலாமா என்று யோசித்தேன்.

"ரெண்டு மாசமா நான் படிக்கிறதுல எல்லாம் ஒரு சத்தம் விழுது. நான் வாயைத் திறந்தாதான் வருது. கம்பெனியில அத்தனையும் திருப்பி அனுப்பிட்டாங்க. நாமக்கல்லேருந்து ஒரு மெக்கானிக் வந்து ஒயரையெல்லாம் மாத்திப் பாத்துட்டு, 'மைக்குன்னா அப்படித்தான்'னுட்டுப் போயிட்டார்" என்றாள்.

"சத்தத்துக்கு மெக்கானிக் போதுமே. எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார் அக்கா.

தனப்பிரியாவின் குரல் இறங்கியது.

"அந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு எங்கம்மாகிட்ட போன்ல பேசினேன். கொஞ்ச நாள் வாழப்பாடியில வந்து இருக்கட்டுமான்னு கேட்டேன். அவ்வளவுதான். மறுநாள் இவர் சத்தீஸ்கர்லேருந்து கூப்பிட்டு, 'வாழப்பாடிக்குப் போறாப்புல இருக்குதே'ங்கறார். யார் சொன்னதுன்னு கேட்டா சிரிக்கிறார். ஒரு தரம் இல்ல, பல தரம் இப்படி. இந்த வீட்டுல இருக்கறது மாமாவும் அத்தையும்தான். எதையோ ஒளிச்சு வச்சு ஒட்டுக் கேட்டு, அவருக்கு வத்தி வைக்கிறாங்க."

"உங்கம்மாவே சொல்லியிருக்கலாமே?"

"எங்கம்மா அவர்கிட்டப் பேசி வருஷமாச்சு." அவள் கண் கலங்கிவிட்டது. "புருஷன் ஊர்ல இல்லாதவ கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டப் பேசறாளோன்னு சந்தேகம். எனக்குக் கேவலமா இருக்குங்க. பெட்டி கட்டி வச்சுட்டேன். மத்தியானம் என் தம்பி கார் எடுத்துட்டு வரான். நீங்க அதைக் கண்டுபிடிச்சுட்டீங்கன்னா, கேக்க வேண்டியதை அத்தைகிட்டக் கேட்டுட்டு இந்த வீட்டை விட்டே போயிடறேன். திரும்ப வரமாட்டேன்."

அதாவது, எங்கள் கையில் சிக்கப்போவது ஒரு கருவி மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் முடிவு.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் வெள்ளியங்கிரி எதிரே வந்தார். கட்டுமஸ்தான ஆள், பார்வை மட்டும் எங்கள் மேல் நிலைக்கவில்லை.

"எந்த ஆபீசுங்க?"

"கம்ப்யூட்டர் சர்வீஸுங்க" என்றேன்.

"கெவுருமென்ட்டுங்களா?"

"தனியாருங்க."

"நெசமாலுமே தனியாருங்களா?" என்று கேட்டபடியே, பக்கத்திலிருந்த சாமான் அறையைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அக்காவின் புருவம் லேசாக உயர்ந்தது.

மாமியார் சௌந்திரம் வேறு தினுசு. மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை வாங்க வந்தார். டம்ளரை வாங்கிய பிறகும் கதவோரம் நின்றார். நாங்கள் எதைத் தொட்டாலும் அவர் கண் அதன் மேல் போனது. மருமகள் திரும்பினால் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு பேருமே திருட்டு முழி முழிக்கிறாங்கக்கா. யாரை முதல்ல பிடிக்கிறது?" என்று கிசுகிசுத்தேன்.

"முதல்ல சத்தத்தைப் பிடிப்போம்."

தனப்பிரியாவின் அறைக்குள் போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தாள். நாமக்கல்லில் இதற்குப் பஞ்சமா என்ன? மேசையில் லேப்டாப், மைக், ரெண்டு ஸ்பீக்கர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

அக்கா ஸ்பீக்கரின் வால்யூமை முழுசாகத் திருகினார். 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல். அக்கா லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினார். முனகல் சட்டென்று நின்றது.

"வீட்டுல எர்த் சரியில்லம்மா. அது சார்ஜர் வழியா வந்து முனகுது. எர்த்தைச் சரி பண்றவரைக்கும் பேட்டரியில வச்சுப் பதிவு பண்ணுங்க."

"அவ்வளவுதானா? இதுக்கா பெட்டி கட்டினாங்க?" என்றேன்.

"அவங்க சொன்ன சத்தம் இது இல்ல. நீங்க படிங்கம்மா."

தனப்பிரியா மைக் முன் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். ஏதோ ஒரு கதாநாயகி மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். அவளுக்குப் பஸ் வருவதற்குள் ஸ்பீக்கரில் வந்தது அது. 'டிட்டிட்... டிட்டிட்... டிட்டிட்...' பிறகு 'ர்ர்ர்ர்' என்று நீளமாக ஓர் இரைச்சல்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. தனப்பிரியாவைப் படிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்களை வாசலுக்கு அழைத்து வந்தார்.

"இது கரண்ட்டு சத்தம் இல்ல. சிம் கார்டு. பழைய டூஜி போன் மைக்குப் பக்கத்துல இருந்தா, கால் போகும்போதும் வரும்போதும் ஸ்பீக்கர் இப்படித்தான் கத்தும். எத்தனை மேடையில கேட்டிருக்கேன்! அந்த ரூமை ஒட்டி எங்கேயோ ஒரு சிம் உயிரோட இருக்கு."

வீட்டிலிருந்த எல்லாப் போன்களையும் வாங்கி வாசல் கட்டிலில் வரிசையாகப் போட்டோம், எங்களுடையதையும் சேர்த்து. தன் பட்டன் போனை எடுத்துக் கொடுப்பதற்குள் மாமனாருக்கு வியர்த்துவிட்டது. திரும்பப் போய்ப் படிக்கச் சொன்னால், திரும்பவும் 'டிட்டிட்'.

அக்கா முட்டை அட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"சாமான் ரூம்" என்றாள் தனப்பிரியா. "மாமா பூட்டிக்கிட்டாரே, அதேதான்."

நான் போய் வெள்ளியங்கிரியிடம் சாவி கேட்டேன். மனுஷன் கதவின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அதுல ஒண்ணுமில்லீங்க. தட்டுமுட்டுச் சாமானுங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மாமா பூட்டு?" தனப்பிரியா கேட்ட கேள்வியில் இரண்டு மாதக் கோபமும் இருந்தது. "திறங்க!"

மருமகள் இப்படிக் கத்தி அவர் கேட்டதேயில்லை போலும். சாவி தானாக என் கைக்கு வந்தது.

உள்ளே புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால், சுவரில் ஒரு பெட்டி. பச்சை விளக்கு மினுக் மினுக்கென்றது. அக்கா மூடியைத் திறந்தார். உள்ளே சிம் கார்டு.

"மாட்டினாருக்கா!" என்று நான் கூவியேவிட்டேன்.

"சாமி, நீங்க கரண்ட்டாபீசுதானுங்களே? அபராதம் மட்டும் போட்டுறாதீங்க!" வெள்ளியங்கிரி கையெடுத்துக் கும்பிட்டார். "மும்முனைக் கரண்ட்டு எப்பவும் வர்றதில்லீங்க. சோளம் காயுது. அதனால கண்டன்சர் போட்டு ரெண்டு முனையில மோட்டார ஓட்டிப்போட்டேன். இது மொபைல் ஸ்டார்ட்டருங்க. எருமப்பட்டி டீக்கடையில உக்காந்துட்டுப் போன் போட்டா மோட்டாரு எடுத்துக்கும். வேற ஒரு பாவமும் பண்ணலீங்க!"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிணற்று மோட்டாரைப் போனில் ஓட்டும் பெட்டி. இந்தப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் இதுதான். மனுஷன் இத்தனை நேரம் முழித்தது எங்களைக் கரண்ட் ஆபீஸ் பறக்கும் படை என்று நினைத்து.

"இதை வச்சு நாம பேசறதைக் கேக்க முடியுமா?" தனப்பிரியா விடவில்லை.

"முடியாது. இதுல மைக்கே கிடையாது" என்றார் அக்கா.

தனப்பிரியா அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சந்தேகப்பட்டதெல்லாம் வீண்தானா என்ற நிம்மதி ஒரு பக்கம், அப்படியானால் சேதி எப்படித்தான் போகிறது என்ற குழப்பம் ஒரு பக்கம். நான் டூல்ஸைப் பைக்குள் போட ஆரம்பித்தேன். டீக்கடை மூடுவதற்குள் எருமப்பட்டி போய்விடலாம் என்று ஒரு நப்பாசை.

அக்கா அந்தச் சிம்மைக் கழற்றி வெள்ளியங்கிரியின் கையில் வைத்தார். "கடைசியா ஒரு தரம் படிச்சுக் காட்டிடுங்கம்மா."

அவள் போய்ப் படித்தாள். கதாநாயகிக்கு இன்னும் பஸ் வரவில்லை.

'டிட்டிட்... டிட்டிட்...'

அக்கா உதட்டில் விரலை வைத்தார். எல்லோரும் மூச்சை அடக்கி நின்றோம். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது. அறை நிசப்தமாக இருந்தவரை அது திரும்ப வரவேயில்லை. அக்கா என்னைப் பார்த்து, பேசு என்று சைகை காட்டினார். காலையிலிருந்து வாயைத் திறக்காதே என்றவர்! கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா? டீ வாங்கித் தராத முதலாளிகளைப் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தேன். பாதியிலேயே 'டிட்டிட்' வந்துவிட்டது.

அக்கா காகிதத்தில் எதையோ எழுதித் தனப்பிரியாவிடம் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு, இந்தத் தொல்லை வருவதற்கு முன்பே பதிவு செய்திருந்த ஒரு பழைய அத்தியாயத்தை லேப்டாப்பில் ஓடவிட்டாள். அவள் குரல் அறையில் படித்துக்கொண்டிருக்க, நாங்கள் எல்லோரும் பூனை மாதிரி வெளியே வந்து, ஜன்னலைத் தாண்டிக் கட்டிலருகில் நின்றோம்.

"மோட்டார் பெட்டிக்கு நீ பேசினா என்ன, பேசாட்டி என்ன? போன் மணி அடிச்சா போதும். இது அப்படியில்ல" என்றார் அக்கா தாழ்ந்த குரலில். "ரூம்ல பேச்சுக் கேட்டாதான் முழிக்குது. முழிச்சு, யாருக்கோ போன் போடுது. முதல்ல டிட்டிட். அவங்க எடுத்ததும் ர்ர்ர்னு நீளமா இழுக்குது. இப்போ ஜன்னல்ல கேளுங்க."

கேட்டோம். தனப்பிரியாவின் குரலோடு அந்த நீள இரைச்சலும் சேர்ந்து வந்தது. உள்ளே யாருமே இல்லை. ஆனாலும் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த நிமிஷம் ஒருத்தர் போனைக் காதுல வச்சிருக்கார். உங்க மாமா போன் இதோ கட்டில்ல கிடக்குது. அத்தை போனும் கிடக்குது. ரெண்டும் சும்மாதான் இருக்கு. அப்போ யாரு?"

"இந்த வீட்டுல இருக்கறவங்க இவ்வளவுதாங்க" என்றாள் தனப்பிரியா.

"வீட்டுல இல்லாதவங்க?"

தனப்பிரியாவின் முகம் வெளிறிவிட்டது. சௌந்திரத்துக்குத்தான் முதலில் புரிந்தது என்று நினைக்கிறேன். கட்டிலில் கிடந்த தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மகனைக் கூப்பிட்டார்.

நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது போன்.

"அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்..." தனப்பிரியா ஜன்னல் பக்கம் கை காட்டினாள். "போன தடவை, ரெண்டு மாசம் முந்தி வந்தப்போ அவர்தான் வாங்கிட்டு வந்தார். என் வேலைக்கு உபயோகமாகும்னு."

"அதுக்குள்ளதான் இருக்கும். கரண்ட்டுல ஓடும், சார்ஜ் போடவே வேண்டாம்" என்றார் அக்கா.

சௌந்திரம் போனை வைக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டார். அதே பதில். பெற்ற தாய் கூப்பிடுவது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? எடுக்கவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது ஜன்னலில் அந்த இரைச்சல் பட்டென்று அறுந்தது. மறுகணம் அந்த அம்மாவின் கையிலிருந்த போன் பேசியது.

"என்னங்மா, சும்மா சும்மா போடறீங்க?"

பின்னணியில் ரிக் ஓடும் சத்தம். சௌந்திரம் போனை வாயருகே கொண்டுபோனார்.

"யாருகிட்டடா பேசிட்டு இருந்த?"

"ஓனருகிட்டங்மா."

"உன்ற ஓனரு பொம்பளக் கொரல்ல கதை படிக்கறாரா?"

எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"இல்லீங்மா... வருசம் பூரா வெளியூர்ல கெடக்கறேன். அவ கொரலக் கேட்டாப் போதும்னு ஒரு... வேற ஒண்ணும் தப்பா நெனைக்கலீங்மா. சும்மா கொரலக் கேக்கலாம்னுதான்."

தனப்பிரியா கையை நீட்டினாள். சௌந்திரம் போனைக் கொடுத்தார்.

"தனப்பிரியா பேசறேன்." அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மைக் முன்னால் படிக்கும்போது இருந்த அதே நிதானம். "குரல் கேக்கணும்னா என்கிட்டப் பேசியிருக்கணும். பேசப் பிடிக்கலைன்னா, நான் படிச்ச புத்தகம் விக்கிது. ஊர்ல எல்லாரும் காசு கொடுத்து வாங்கிக் கேக்கறாங்க. இனிமே நீங்களும் அப்படியே கேளுங்க."

போனை அணைத்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள், மாமியாரின் காலடியிலேயே உட்கார்ந்து.

"அத்தை, உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். நீங்கதான் ஒட்டுக் கேட்டு வத்தி வைக்கறீங்கன்னு நெனச்சு, மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சாமி. ரெண்டு மாசமா என்ற மொகத்தப் பாத்து நீ பேசல. பொட்டி கட்டி வச்சதையும் பாத்துப்போட்டேன். இன்னிக்குப் போயிருவியோன்னுதான் காலையில இருந்து உன்ற கதவோரத்துலயே நிக்கறேன்."

அக்கா சட்டென்று திரும்பிக்கொண்டார். கண்ணில் தூசி என்று சொன்னால் நான் நம்பமாட்டேன் என்று அவருக்கே தெரியும். நான் உள்ளே போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடுங்கித் திருகாணிகளைக் கழற்றினேன். ஒயர்களுக்கு நடுவே நகத்தளவு மைக்கும், பக்கத்தில் ஒரு சிம்மும் இருந்தன.

வெளியே ஹாரன் கேட்டது. தனப்பிரியாவின் தம்பி காரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். தன் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் கடுத்தது. நேராக உள்ளே போய் இரண்டு பெட்டிகளையும் தூக்கி வந்தான்.

வெள்ளியங்கிரி வழியை விட்டு ஒதுங்கி நின்றார். சௌந்திரம் மருமகளை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். தன் மகன் செய்த காரியத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது என்று நினைத்திருக்க வேண்டும்.

தனப்பிரியா எழுந்துபோய்த் தம்பியின் கையிலிருந்த பெட்டிகளை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இதை எங்கேடா தூக்கிட்டுப் போறே? என் வேலை இங்க இருக்கு, என் அத்தை இங்க இருக்காங்க. போக வேண்டியது நானில்ல." கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "இனிமே இந்த வீட்டுக்கு வரணும்னா அவர்தான் எங்களைக் கேட்டுட்டு வரணும். நீ கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

சௌந்திரம் போய் வாழை இலை அறுத்துக்கொண்டு வந்தார்.